ஒற்றி மீட்ட கணக்கும் வங்கிக் கடனும்

யாழ்ப்பாணத்தவருக்கு வீடு என்பது கல்லும் சீமெந்தும் சேர்ந்த கட்டடம் மாத்திரமன்று. அது மகளுக்குக் கொடுக்கும் சீதனம். முதுமையில் ஒதுங்கும் நிழல். அயலிலே ஒரு குடும்பத்துக்குள்ள மதிப்பின் அடையாளம். ஆதலாலேதான் கலியாணப் பேச்சு நடக்கும் இடங்களில், வீட்டின் அழகை விசாரிக்குமுன் அதன் உறுதியை விசாரிக்கும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. "காணியில் வில்லங்கம் ஏதும் உண்டோ?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத் தலை நிமிர்ந்து "இல்லை" என்று மறுமொழி சொல்வதற்காகவே எமது ஊரில் எத்தனையோ தந்தையர் தம் வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டிருக்கின்றனர்.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னர் குடாநாட்டில் இடிந்து கிடந்த வீடுகள் மீண்டும் எழுந்தன. சிலவற்றை வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பணம் எழுப்பியது. சிலவற்றை வீட்டுத் திட்ட உதவிகள் எழுப்பின. மாதச் சம்பளக்காரரின் வீடுகள் பலவற்றை வங்கிக் கடனே எழுப்பியது. அக்கடனுக்கு ஈடாக நிற்பதும் அவ்வீடேயாகும். நாற்பதாவது வயதில் இருபது ஆண்டுத் தவணைக்குக் கடன் பெற்ற ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெறும் காலத்திலேதான் வில்லங்கமற்ற உறுதியைக் கையிற் காண்பார். அதற்கு முன்னரே வீட்டை மீட்க வழியில்லையா? உண்டு. ஆனால் அவ்வழியில் நடப்பதற்கு, எமது மரபில் ஊறிய ஒரு பழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். அப்பழக்கத்தாற் பொருள் இழந்தவர்களுள் நாமும் ஒருவர் என்ற உரிமையோடு இதனை எழுதுகின்றோம்.

பேரனாரின் ஒற்றி

எமது பேரனார் மூத்த மகளின் கலியாணச் செலவுக்காகத் தமது தோட்டக் காணியின் ஒரு பகுதியை ஒற்றி வைத்தார். ஒற்றி என்றால் என்னவென்பதை இக்கால மாணவர் பலர் அறியமாட்டார். ஒற்றியிலே கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகக் காணியைத் தம் வசம் எடுத்து அதன் விளைவை அனுபவிப்பார். கடன் வாங்கியவர் முதலைத் திருப்பிக் கொடுக்கும்போது காணியும் திரும்பி வரும். ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டிலே தொகுத்து முடித்த தேசவழமையில் இவ்வழக்கத்தைக் காணலாம். தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட அத்தொகுப்பை ஆங்கிலேயர் 1806இற் சட்டமாக ஏற்றனர். காணியை மீட்கும் காலத்தைப் பயிர்ப் பருவத்தோடு பொருத்தியே அது பேசுகிறது. நம் முன்னோர் கடனிலும் ஒரு நியாயம் பார்த்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஒற்றிக்கு ஓர் இயல்புண்டு. பத்தாயிரம் ரூபாவுக்கு ஒற்றி வைத்த ஒருவர் ஆயிரம் ரூபாவை முன்கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாரென வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பதாயிரமும் தீரும்வரை காணி முழுவதும் ஒற்றிக்காரரிடமே இருக்கும். விளைவு முழுவதும் அவரையே சேரும். கொடுத்த ஆயிரத்தால் ஒரு மிளகாய்ச் செடிதானும் மீளாது. எனவே அக்காலத்தவர் முழுப் பணமும் சேரும்வரை காத்திருந்தனர். அஃதே புத்தியுமாயிருந்தது. எமது பேத்தியார் புகையிலை விற்ற காசையும் பால் விற்ற காசையும் கொட்டப்பெட்டியிற் சேர்த்து, அது நிரம்பியதும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, ஒன்பது ஆண்டுகளின் பின்னர் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்துத் தோட்டத்தை மீட்டாராம். அன்று முற்றத்திலே பொங்கலும் பொங்கினாராம். இக்கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். சேர்த்து வைத்து முழுதாகக் கொடுப்பதே கடன் தீர்க்கும் முறை என்பது எமக்கு வீடு சொல்லித் தந்த பாடம்.

இத்தகைய ஈடு எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்ததும், கிளான்வில் என்பவரின் பெயரால் வழங்குவதுமான சட்ட நூலொன்று இருவகை ஈடுகளைக் கூறுகிறது. நிலத்தின் வருமானம் கடனைக் குறைத்துக்கொண்டே செல்லுமாயின் அது ஒருவகை. வருமானம் முழுவதும் கடன் கொடுத்தவரைச் சேர, கடன் சிறிதும் குறையாது நிற்குமாயின் அது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கே 'மோட்கேஜ்' என்று பெயர். பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு 'இறந்த ஈடு' என்பது பொருள். எமது ஒற்றியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

வங்கியின் முறை வேறு

1931ஆம் ஆண்டில் இலங்கையில் அரச ஈட்டு வங்கி தொடங்கப்பட்டது. 1979இல் அது வேறொரு கடன் நிறுவனத்தோடு இணைந்து அரச ஈட்டு முதலீட்டு வங்கியாயிற்று. 'ஈடு' என்ற பழஞ்சொல் அவ்வங்கியின் பெயரில் இன்றும் வாழ்கிறது. இன்று வர்த்தக வங்கிகளும் வீட்டுக் கடன் கொடுக்கின்றன. சொல் பழையதாயினும் கடனின் இயல்பு மாறிவிட்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

தவணை முறையிலே தீர்க்கும் வீட்டுக் கடனில், அந்தந்த மாதம் மீதியாயுள்ள முதலுக்கே வட்டி கணிக்கப்படும். நாம் செலுத்தும் தவணைப் பணத்தில் முன்னதாக வட்டி கழியும். எஞ்சியது முதலிற் கழியும். முதல் குறையக் குறைய அடுத்த மாத வட்டியும் குறையும். ஆகவே தவணைக்கு மேலாக ஆயிரம் ரூபாவைக் கொண்டுபோய் முதலிற் கழிக்கச் செய்தால், அன்றுதொட்டு அந்த ஆயிரத்துக்கு வட்டி இல்லை. கடன் முழுவதும் தீரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த அளவுக்கு உடனே விடுதலை கிடைக்கிறது. பேத்தியாரின் ஒற்றிக்குப் பொருந்திய புத்தி இங்கே பொருந்தாமற் போவது இதனாலேதான்.

நாம் விட்ட பிழை

நாம் கல்லூரியிலே கணிதம் கற்பிப்பவர். கூட்டு வட்டியையும் பெருக்கல் விருத்தியையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவர். அப்படியிருந்தும், சொந்த வீட்டுக் கணக்கில் ஒற்றிக் காலத்துப் புத்தியையே கைக்கொண்டோம்.

2017ஆம் ஆண்டிலே எமது இல்லாளின் சீதனக் காணியில் வீடு கட்டுவதற்காக வங்கியொன்றில் 20 இலட்சம் ரூபா கடன் பெற்றோம். வட்டி நூற்றுக்கு 13 வீதம். காலம் 15 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 25,300 ரூபா. வட்டி வீதம் காலத்துக்குக் காலம் மாறக்கூடும் என்றொரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது. அதனை வாசித்தோம், வாசித்து மறந்தோம். இருவர் சம்பளத்திலும் செலவு போக மாதம் 6,000 ரூபா மிஞ்சியது. அதனை வேறொரு சேமிப்புப் புத்தகத்தில் நூற்றுக்கு 4 வீத வட்டிக்கு இட்டு வந்தோம். கடனை அடைக்கத்தக்க தொகை சேர்ந்தவுடன் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்துவிட்டு முற்றத்திற் பொங்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

ஐந்தாண்டு சென்றது. 2022ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டின் துன்பத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஏப்பிரில் மாதம் 8ஆந் திகதி மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டி வீதத்தை 7.5இலிருந்து 14.5 ஆக ஒரே நாளில் உயர்த்தியது. 2023 மார்ச்சில் அது 16.5 வரை ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. இதற்கிடையில் எமக்கும் ஒரு கடிதம் வந்தது. எமது கடனுக்கு வட்டி இனி 24 வீதம். தவணை 37,000 ரூபாவுக்கு மேல்.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின்னர் இரண்டு புத்தகங்களையும் மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஐந்தாண்டில் நாம் செலுத்திய தவணைப் பணம் 15 இலட்சத்துக்கு மேல். ஆனால் முதலிற் குறைந்திருந்தது ஏறத்தாழ 3 இலட்சம் மாத்திரமே! இன்னும் 17 இலட்சம் ரூபா அளவில் நின்றது. சேமிப்புப் புத்தகத்தில் 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இல்லாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இஞ்சேருங்கோ, அந்தப் புத்தகத்திலை கிடக்கிற காசுக்கு நாலு தந்தவங்கள். இந்தக் கடனுக்குப் பதின்மூண்டு வாங்கினவங்கள். இவ்வளவு நாளும் நாங்கள் ஆருக்குச் சேமிச்சனாங்கள்?"

கணித ஆசிரியரிடம் மறுமொழி இருக்கவில்லை. பின்னர் தனியே இருந்து கணித்துப் பார்த்தோம். அந்த 6,000 ரூபாவையும் மாதந்தோறும் கடனிலேயே செலுத்தி வந்திருந்தால், 17 இலட்சமாக நின்ற கடன் 12 இலட்சத்துக்குக் கிட்டக் குறைந்திருக்கும். சேமித்த காசு 4 இலட்சமாகியிருக்க, கடனிற் கொட்டிய காசு 5 இலட்சத்தின் வேலையைச் செய்திருக்கும். அதுமட்டுமன்று, 24 வீதம் என்ற புயல் வந்தபோது அது தாக்குவதற்குக் கடனும் சிறியதாயிருந்திருக்கும்.

வகுப்பறையில் ஒரு கணக்கு

அடுத்த வாரம் உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம். ஒருவர் 50 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 12 வீத வட்டிக்கு, 20 ஆண்டில் தீர்ப்பதாகப் பெறுகிறார். வட்டி மாறாதென்று கொள்க. மாதத் தவணை எவ்வளவு? 55,054 ரூபா என்று சிறிது நேரத்திற் கண்டுபிடித்தார்கள். முதன்மாதம் அதில் எவ்வளவு வட்டி? 50,000 ரூபா. முதலிற் கழிவது? 5,054 ரூபா மாத்திரம். வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று.

"இன்னொருவர் இதே கடனைப் பெற்று, மாதந்தோறும் 5,000 ரூபா கூடுதலாகச் செலுத்துகிறார். அவர் எப்போது கடன் தீர்ப்பார்?" என்று கேட்டோம். பதினெட்டு, பத்தொன்பது ஆண்டு என்று ஊகஞ் சொன்னார்கள். கணித்தபோது 180 மாதம் என்று வந்தது. அதாவது 15 ஆண்டு! அதே பதினைந்தாண்டு முடிவில் முன்னவரின் நிலை என்ன? அவருக்கு இன்னும் ஏறத்தாழ 24 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா கடன் இருக்கிறது. ஒருவர் உறுதியை மீட்டுக்கொண்டு வீடு திரும்பும் நாளில், மற்றவர் பாதி வழியிலே நிற்கிறார். பின்னவர் கூடுதலாகக் கொடுத்தது எல்லாமாக 9 இலட்சம். அவருக்கு மிச்சமான வட்டி 24 இலட்சத்துக்கு மேல்.

காலமும் இங்கே முக்கியமானது. முன்னவர் முதலாண்டு முடிவில் ஒரு தடவை மாத்திரம் ஓர் இலட்சம் ரூபாவைக் கூடுதலாகச் செலுத்தினால், கடைசித் தவணைகளில் 16 இல்லாமற் போகும். அதே ஓர் இலட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவிற் செலுத்தினால் 3 தவணையே குறையும். நெற்பயிருக்குப் பருவத்தில் விட்ட தண்ணீருக்கும் கதிர் முற்றியபின் விட்ட தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கடனின் தொடக்கக் காலத்திற் செலுத்தும் சிறு தொகைக்கே வலிமை அதிகம்.

கவனிக்க வேண்டியவை

இதனை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள காசையெல்லாம் அள்ளிக்கொண்டு வங்கிக்கு ஓடிவிடலாகாது. சிலவற்றைச் சிந்தித்தல் வேண்டும்.

முதலாவது, கையிருப்பு. வீட்டில் ஒருவர் நோயுற்றால் வங்கியிற் கட்டிய காசைத் திருப்பிக் கேட்க இயலாது. மூன்று நான்கு மாதச் செலவுக்குரிய பணத்தைப் புறம்பாக வைத்துக்கொண்டே மிகுதியைக் கடனிற் செலுத்த வேண்டும். 2022இல் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் நாம் அலைந்த நாள்களில் அந்தச் சேமிப்புப் புத்தகமே எமக்குக் கைகொடுத்தது என்பதையும் மறைக்கமாட்டோம்.

இரண்டாவது, வேறு கடன். நகையை அடைவு வைத்த கடனோ, கடனட்டைப் பாக்கியோ, கைமாற்று வட்டிக் கடனோ இருந்தால், அவற்றுள் வட்டி கூடியதையே முன்னதாகத் தீர்த்தல் அறிவுடைமை.

மூன்றாவது, வட்டி ஒப்பீடு. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சலுகை வட்டியில் வழங்கப்படும் ஆதனக் கடனைப் பெற்றவர், அதனை விரைந்து தீர்ப்பதாற் பெறும் நன்மை சிறிது. 2022இற் சில நிலையான வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. குறைந்த, மாறாத வட்டியிற் கடன் வைத்திருந்தவர்க்கு அக்காலத்தில் வைப்பிலிடுதலே இலாபமாயிற்று. கடன் வட்டி கூடியதோ, வைப்பு வட்டி கூடியதோ என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தம். முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் அறவிடும் வங்கிகளும் உண்டு. அதனைக் கேட்டறிந்து, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை 'முதலிற் கழிக்குமாறு' எழுத்திற் கொடுக்க. இல்லையேல் அது வரும் மாதத்துத் தவணையாக வரவு வைக்கப்படலாம். அப்போது எதிர்பார்த்த நன்மை கிடையாது. தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கியார் கேட்பாராயின், சம்பளம் தாங்குமளவில் காலத்தைக் குறைக்கச் சொல்வதே மேல். மாதந்தோறும் கணக்குக் கூற்றைப் பார்த்து, முதல் குறைந்ததா என்று சரிபார்க்கவும் தவறலாகாது.

இன்னும் ஒன்று. வங்கியிற் கடன் தீர்ந்த அன்றே வில்லங்கம் தீர்ந்துவிட்டதென்று எண்ணிவிடலாகாது. ஈட்டை நீக்கும் உறுதியை நொத்தாரிசு மூலம் முடித்து, காணிப் பதிவகத்திற் பதிவு செய்வித்த பின்னரே அப்பெரியவரின் கேள்விக்குச் சரியான மறுமொழி சொல்லலாம்.

எமது இன்றைய நிலை

அந்த இரவுக்குப் பின்னர் சேமிப்பிலிருந்து இரண்டரை இலட்சம் ரூபாவை எடுத்து முதலிற் கழிக்கச் செய்தோம். மிகுதியை அவசரத்துக்கென வைத்தோம். உயர்ந்த வட்டிக்குரிய 37,000 ரூபாவைப் பல செலவுகளைச் சுருக்கி எவ்வாறோ செலுத்தினோம். 2023 ஜூனிலிருந்து மத்திய வங்கி வட்டியைப் படிப்படியாகக் குறைத்தது. 2024 நவம்பரில் அறிமுகமான புதிய ஒற்றைக் கொள்கை வட்டி 8 வீதமாயிற்று. எமது கடன் வட்டியும் இறங்கியது. தவணையைக் குறைக்கலாமென்று வங்கியார் தெரிவித்தனர். நாம் குறைக்கவில்லை. சுருங்கிய செலவுக்கு வீடு பழகிவிட்டது. அதே 37,000 ரூபாவையே செலுத்தி வருகிறோம். வட்டி குறைந்த காலம் கடனாளிக்குக் கிடைத்த ஓய்வுகாலமன்று. முதலைக் கரைப்பதற்கு வாய்த்த நல்ல காலம். 2032இல் முடியவேண்டிய எமது கடன் 2027இல் முடியுமென்று கணக்குக் காட்டுகிறது. மூத்த மகள் பல்கலைக்கழகம் புகும் வயதும் அதுவே.

சேமிக்கும் குணத்தை எமக்குத் தந்தவர் பேத்தியார். அவரிடம் இருந்த மன உறுதியில் அரைவாசிதானும் எம்மிடம் இல்லை. அவர் காலத்துக் கடனுக்கு ஏற்ற வழியை அவர் அறிந்து நடந்தார்; எமது காலத்துக் கடனுக்கு ஏற்ற வழியை அறிந்துகொள்ள எமக்கு ஐந்தாண்டு சென்றது. இதனை வாசிக்கும் குடும்பத்தார், இன்றிரவே தமது கடன் கூற்றை எடுத்து, சென்ற மாதத் தவணையில் முதலிற் கழிந்தது எவ்வளவு என்று பிள்ளைகளையும் அருகிலிருத்திப் பார்ப்பார்களாக. அந்த ஐந்தாண்டு அவர்களுக்காயினும் மிச்சமாகட்டும்.